பகல் இரண்டு மணிக்கு வந்த தாத்தா

எங்கள் சந்துக்குக் கிறிஸ்மஸ் தாத்தா பகல் இரண்டு மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் வந்த வருஷம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுந்த வருஷம் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்த தாத்தா நாலாவது வீட்டு வாசலில் மயங்கி விழுந்ததும், இன்னொரு தாத்தா அதே அங்கியை மாட்டிக்கொண்டு மிச்ச வீடுகளுக்குப் போனதும் திருவனந்தபுரத்தில் வேறு எந்தத் தெருவிலும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தச் சந்து சாலைக் கடைத்தெருவிலிருந்து கரமனைக்குப் போகும் வழியில் இருந்தது. பதினோரு வீடுகள். நாலாவது வீடு மாமாவுடையது. மாமா அம்மாவின் அண்ணன். அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் வேலை. என் அப்பா மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தார். தம்பி பிறப்பதற்காக அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி மாமா வீட்டுக்கு வந்திருந்தாள். தம்பிக்குப் பல் முளைத்ததும் திரும்பிப் போவதாக ஏற்பாடு. பல் முளைத்தது; அதற்குள் கப்பல் நின்றுவிட்டது. பிறகு அப்பாவின் கடிதமும் நின்றது. அப்பா பின்னால் திரும்பி வந்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த பிறகு, பாதி உடம்பாக, ஆனால் பழைய சிரிப்போடு வந்து சேர்ந்தார். ஆனால் நான் சொல்லும் இந்தக் காலத்தில் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

அம்மா நல்ல பாட்டுக்காரி. நாகர்கோவில் பக்கத்தில் அவள் பிறந்த ஊர் வேதக்கோயிலில், ஒரு சரணத்தை மட்டும் அவள் தனியாகப் பாடட்டும் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்களாம். கடிதம் நின்ற பிறகு அவள் பாடவில்லை. கோயிலுக்குப் போவதையும் விட்டாள். பகல் பதினோரு மணிக்குத் தபால்காரர் வரும்போது சந்துப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அம்மா மட்டும் அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் காதில் விழக் கூடாது என்பதற்காக. நானோ, அம்மாவுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தில் பத்து வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். ஒரே கர்த்தரைக் கும்பிடுகிறவர்கள்தான். என்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று திசையில் மூன்று கோயில்களுக்குப் பிரிந்து போவார்கள். மற்ற நாட்களில் குழாயடியில் மட்டும்தான் பேச்சு. அதுவும் பெரும்பாலும் யார் குடம் முன்னால் இருந்தது என்பதைப் பற்றி. ஆனால் பத்து வீட்டிலும் யாரோ ஒருவர் தூர தேசத்தில் இருந்தார். ரொட்டிக்கடை அக்காவின் மூத்த மகன் பட்டாளத்தில் சேர்ந்து ஏதோ பாலைவனத்தில் இருந்தான். துணி தைக்கும் அக்காவின் புருஷன் கப்பலில் வேலை. கோட்டயத்துக்காரியான நர்ஸ் அக்காவின் அண்ணன் பர்மாவில். ஒவ்வொரு வீடும் தன் பயத்தைத் தனித்தனியாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

அதை உடைத்தது மாமி. மாமாவின் மனைவி.

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற ஒரு நாள், ஏதோ ஒரு கப்பல் மூழ்கிவிட்டதாக யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, துணி தைக்கும் அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். கத்தோலிக்கப் பெண், மாமியோடு குடத்துக்காக இரண்டு முறை சண்டை போட்டவள். மாமி தன் இடத்தை விட்டுவிட்டு வந்து அவளைத் தோளோடு அணைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயை நசுக்கி வைத்து, "மொதல்ல தின்னு. அழுததுக்கு அப்புறம் பசிக்கும்" என்றாள். சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா வந்தாள். வாசனை பிடித்து ரொட்டிக்கடை அக்கா வந்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர்கள் வந்தார்கள்.

பிறகு வாராவாரம் ஒரு வீடு. சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவார்கள். ஒருத்தி கிழங்கு கொண்டுவருவாள், ஒருத்தி தேங்காய், ஒருத்தி இரண்டு சுள்ளி விறகு. பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். கடிதம் வந்தவர்கள் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டுவார்கள். கடிதம் வராதவர்களுக்காக, தூரத்தில் இருக்கும் ஆளின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் புருஷனின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் அப்படித்தான். கர்த்தரிடம்கூட "இவுங்க அப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் மாமி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருத்தியும் தன் பக்கத்து வீட்டு ஆளுக்காக ஜெபிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் தடையில்லை அல்லவா? துணி தைக்கும் அக்கா என் அப்பாவின் பெயரைச் சொல்வாள். அவள் புருஷன் சூசையின் பெயரை ரொட்டிக்கடை அக்கா சொல்வாள்.

எங்கள் போதகர் இதைக் கேள்விப்பட்டு, "அங்க என்ன உபதேசம் நடக்குது?" என்று மாமாவிடம் விசாரித்தாராம். "உபதேசமா? மரச்சீனிதான் நடக்குது, ஐயா" என்று மாமா சொன்னாராம்.

அம்மா மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டு முறை வந்தபோதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு புறவாசலில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏ பிள்ளே, நீ வாறியா இல்லியா?" என்று மாமி அங்கே போய்க் கேட்டாள்.

"நான் வரல்ல, மைனி."

"என்னத்துக்கு?"

"வாரா வாரம் பேரைச் சொல்லிச் சொல்லி என்ன ஆவப்போவுது? கேக்கறப்ப எல்லாம் செத்தவங்களுக்குப் பேர் வாசிக்கற மாதிரி இருக்கு எனக்கு."

மாமி தம்பியின் கன்னத்தை ஒரு தரம் கிள்ளிவிட்டுத் திரும்பி வந்தாள். மாமி பேச்சை விட்டுக்கொடுத்துத் திரும்பியதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸ் பஜனை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேசினார்கள். வழக்கமாக ஆண்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு, டோலக்கு தட்டிக்கொண்டு, இருட்டிய பிறகு வீடுவீடாகப் போய்ப் பாடுவார்கள். அந்த வருஷம் விளக்கு இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை. டோலக்கு இருந்தது, தட்டுகிறவர்கள் இல்லை. மாமா ஒருவர்தான் மிச்சம்.

"வெளிச்சம் வேணும்னா சூரியன் இருக்கே. அதுக்கு ரேஷன் இல்லியே" என்றாள் மாமி. "பகல்ல போவோம். நாம போவோம்."

"பொம்பளைகளா? பஜனைக்கா?" என்றாள் ரொட்டிக்கடை அக்கா.

"மரியாளும் பொம்பளதானே. அவ கழுதை மேல எம்புட்டு தூரம் போனா? நமக்குப் பத்து வீடு போவ முடியாதா?"

அடுத்து, தாத்தா யார் என்ற கேள்வி. மாமாவைத் தாத்தாவாக்கினால் டோலக்கு நின்றுவிடும். "நான்தான் தாத்தா" என்று மாமி சொல்லிவிட்டாள். நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு சிவப்புக் கம்பளியைக் கேட்டு வாங்கி வந்தாள். துணி தைக்கும் அக்கா அதை அங்கியாகத் தைத்தாள். தாடிக்கு எங்கள் வீட்டுத் தலையணை ஒன்று பலியானது. இலவம்பஞ்சை மரச்சீனி மாவுப் பசையால் ஒரு துணியில் ஒட்டினோம். மாமி அதைக் கட்டிப் பார்த்ததும் ஏழு முறை தும்மினாள். நான் எண்ணினேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பகல் இரண்டு மணி. சந்தின் முனையில் எல்லாரும் கூடினோம். மாமா டோலக்கைத் தட்டினார். மாமாவின் குரல் ஒன்றுதான் ஆண் குரல்; அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஒரே மெட்டில் பாதிப் பேர் தமிழிலும் நர்ஸ் அக்காவும் அவள் தோழிகளும் மலையாளத்திலும் பாடினார்கள். இரண்டு பாஷையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. மாமி சிவப்புக் கம்பளி அங்கியில், ஒரு கையில் கம்பும் மறு கையில் கருப்பட்டிப் பையுமாக, குதித்துக் குதித்து ஆடினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி. பிறகு கம்பை உயர்த்தி, கட்டைக் குரலில் ஆசீர்வாதம்: "இந்த வீட்டு யோவான் எங்கே இருந்தாலும் கர்த்தர் கூட இருக்கட்டும். சுகமா திரும்பி வரட்டும்!" எல்லாரும் "ஆமென்" என்று கத்துவோம். மூன்று வீடுகள் இப்படி முடிந்தன.

நாலாவது எங்கள் வீடு. அம்மா உள்ளே இருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

மாமி படியருகே போய் நின்றாள். கருப்பட்டிப் பையைச் சிந்தாமல் படியோரத்தில் வைத்தாள். கம்பைச் சுவரில் சாய்த்தாள். நெற்றியில் கைவைத்து, "எனக்கு என்னமோ போல வருதே" என்று சொல்லிவிட்டு, நிழல் விழுந்த இடமாகப் பார்த்துச் சாய்ந்தாள்.

"ஐயோ, மாமி!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள். மாமியைத் தூக்கிப் பிடித்து, தாடியை அவிழ்த்து, முந்தானையால் விசிறினாள். "மைனி! மைனி! இந்த வெயில்ல கம்பளியைப் போட்டுக்கிட்டு ஆடுவாங்களா யாராவது?" நர்ஸ் அக்கா நாடி பிடித்துப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. பயத்தில் அழப்போகிறாள் என்று நினைத்தேன். "பேடிக்கண்டா, சேச்சி. வெயிலு பிடிச்சது. உள்ளே படுத்தால் மதி" என்றாள். பயப்பட வேண்டாம், உள்ளே படுத்தால் போதும் என்று அர்த்தம்.

மாமியை உள்ளே பாயில் படுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடி, "கர்த்தாவே, மாமியைச் சாகவிடாதேயும். நான் இனிமேல் கருப்பட்டி எடுக்கமாட்டேன்" என்று ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது மாமியின் ஒரு கண்ணும் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் மூடிக்கொண்டது. சுகம் தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

வெளியே டோலக்கு நின்றிருந்தது. கீழ் வீடுகளில் பிள்ளைகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மிச்ச வீட்டுப் பிள்ளைங்க காத்துக் கெடக்குதுவளே" என்று மாமி மூடிய கண்ணோடு முனகினாள்.

யார் தாத்தா ஆவது? ரொட்டிக்கடை அக்காவின் பருமனுக்கு அங்கி போதாது. நர்ஸ் அக்கா நோயாளியோடு இருக்க வேண்டும். துணி தைக்கும் அக்காவோ, தனக்குப் பஞ்சு பட்டால் இழுப்பு வரும் என்று சொல்லிவிட்டாள். அவள் போன வாரம் முழுக்கப் பஞ்சும் துணியுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நான் பாடமாட்டேன்" என்றாள் அம்மா.

"தாத்தா பாடாண்டாம். நடந்தா போதும்" என்றார் மாமா.

அம்மா கையிலிருந்த தாடியின் அவிழ்ந்த முடிச்சைச் சரிசெய்தாள். பிறகு தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு அங்கியை மாட்டினாள். நர்ஸ் அக்கா, "மோளே, நீ தாத்தாவோட போ" என்று என்னை வெளியே தள்ளினாள்.

ஐந்தாவது வீட்டில் தாத்தா சும்மா நின்றார். துணி தைக்கும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு, ஆசீர்வாதத்துக்காகத் தலையைக் குனிந்தபடி காத்திருந்தன. சின்னவள் நிமிர்ந்து, "தாத்தா, எங்க அப்பா பேரு சூசை" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த வீட்டு… சூசை எங்கே இருந்தாலும்…" தாத்தாவின் குரல் மெலிந்து வந்தது. "…சுகமா திரும்பி வரட்டும்."

"தாத்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள் சின்னவள். முதலில் சிரித்தது தாத்தாதான். தாடி குலுங்கியது. ஆறாவது வீட்டில் குரல் கொஞ்சம் தடித்தது. ஏழாவது வீட்டில் கம்பைத் தூக்கிச் சுழற்றினார். எட்டாவது வீட்டில் பாட்டு இடையில் தடுமாறியபோது, பஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்து, எல்லாரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. மாமா ஒரு அடி தப்பாகத் தட்டிவிட்டார். மாமா அதற்கு முன் தப்பாகத் தட்டி நான் கேட்டதில்லை.

ஒன்பதாவது வீடு சாலைக் கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருந்த ஒரு பிள்ளைமார் குடும்பத்தின் வீடு. அவர்கள் வீட்டைத் தாண்டிப் போவதாக இருந்தோம். கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு மருமகள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"உங்க தாத்தா எங்க வீட்டுக்கும் வருவாரா? எங்க வீட்டு ஆளும் ரங்கூன்லதான் இருக்காரு."

தாத்தா திரும்பி வந்தார். "பேரு என்ன?" என்று கட்டைக் குரலில் கேட்டார். அந்த அக்கா முகம் சிவந்து நின்றாள். சொல்ல முடியுமா? "முருகனுக்கு மூத்தவரு பேரு" என்றாள்.

"கணபதி!" என்று நான் கத்தினேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"பிள்ளையார்!" என்றாள் ரொட்டிக்கடை அக்கா. அதற்கும் தலையாட்டல்.

"விநாயகம்" என்றார் மாமா. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இந்த வீட்டு விநாயகம் எங்கே இருந்தாலும் கர்த்தர் கூட இருக்கட்டும். சுகமா திரும்பி வரட்டும்!" என்று தாத்தா கணீரென்று சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னோம். எல்லாரையும்விடச் சத்தமாக அந்த அக்கா சொன்னாள்.

மற்ற இரண்டு வீடுகளும் முடிந்தன. எங்கள் வீட்டு ஆசீர்வாதம்தான் பாக்கி. எல்லாரும் நாலாவது வீட்டுக்குத் திரும்பினோம். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பாயில் மாமி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

தாத்தா படியருகே நின்றார். கம்பை உயர்த்தினார். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது பெயரை எடுத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லப் போனேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"இந்த வீட்டு…" என்று தாத்தா தொடங்கினார். நிறுத்தினார். பிறகு என் அப்பாவின் பெயரைச் சொன்னார். அப்பாவின் அப்பா பெயரோடு சேர்த்து, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். "…எங்கே இருந்தாலும் கர்த்தர் கூட இருக்கட்டும். சுகமா திரும்பி வரட்டும்."

யாரும் உடனே ஆமென் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மற்ற எல்லா வீட்டுக்கும் அத்தனை சத்தமாகச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? நான் தனியாக "ஆமென்!" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் குரல் வந்தது. தாத்தா தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் தும்மினார். தாடி பறந்து போய் டோலக்கின் மேல் விழுந்தது. அம்மாவின் முகமெல்லாம் பஞ்சும் பசையும் ஈரமுமாக இருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வாசலிலேயே எல்லாரும் உட்கார்ந்து மரச்சீனி சாப்பிட்டோம். தானியக் கடை மருமகள் ஒரு தூக்குப்போணி நிறைய மோர் அனுப்பினாள். சாகக் கிடந்த மாமி மூன்று முறை கிழங்கு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ரொட்டிக்கடை அக்கா வீட்டில் நடந்தது. கர்த்தர் செய்த நன்மை எதையாவது யாராவது சாட்சியாகச் சொல்லலாம் என்றார்கள். நான் எழுந்து நின்றேன். மாமி செத்துப்போகிற நிலையில் கிடந்ததையும், நான் முழங்காலில் நின்று ஜெபித்ததையும், ஆமென் சொன்ன அந்த நிமிஷமே மாமிக்கு ஒரு கண் திறந்ததையும், ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கிழங்கு சாப்பிடும் அளவுக்குப் பூரண சுகம் கிடைத்ததையும் விவரமாகச் சொன்னேன்.

நர்ஸ் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். துணி தைக்கும் அக்காவின் தோள்கள் குலுங்கின. மாமி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு அறை முழுக்க ஒரே சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள், மாமியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுச் சிரித்தாள். என் சாட்சி அவர்களுக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தச் சந்தில் ஓர் அற்புதம் நடந்தது, அதை நடத்தியது என் ஜெபம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்தப் பெருமையோடு கீழே உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில், தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.